இன்வெர்ட்டர் தாங்கும்வரை: மழை ராத்திரிக்கு எந்தப் புதையல் படம்?

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் படங்களைக் கழித்துக்கட்டிய லட்சணம் புரியும். ஜூலை மாதம், நீலகிரியில் பந்தலூர் பக்கம், நாலாவது நாளாக விடாத மழை. கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டாயிற்று. கரண்ட் பகலில் வந்து வந்து போகிறது, இருட்டினால் சுத்தமாகப் போய்விடுகிறது. மாமா வீட்டில் நான், மாமா, அத்தை, ஏழு வயதிலிருந்து பதினாலு வயது வரை நாலு பிள்ளைகள், எண்பது தாண்டிய தாத்தா. ஒரு சின்ன புரொஜெக்டர், படங்கள் நிரப்பிய ஹார்டு டிஸ்க், திரைக்கு மாமாவின் எட்டு முழ வேட்டி. இன்வெர்ட்டரில் புரொஜெக்டரையும் ஒரு குண்டு பல்பையும் மட்டும் போட்டால் இரண்டேகால் மணி நேரம் ஓடும், அதற்குமேல் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்துவிடும்.

ஆக 135 நிமிடம். ஒரே படம். எல்லாரும் பார்க்கிற மாதிரி.

புதையல் படம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது பெரியவன். காரணம் இருக்கிறது. இங்கே தேவாலாப் பக்கம் மலையைத் தோண்டினால் நிஜமாகவே தங்கம் இருக்கிறது. 1880 வாக்கில் லண்டனில் டஜன் கணக்கில் கம்பெனிகள் ஆரம்பித்து, பங்கு விற்று, இயந்திரங்களைக் கப்பலில் ஏற்றி இந்த மழைக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டு வந்தார்கள். இருந்த தங்கம் வெள்ளைக்கல் பாறைக்குள் பொடிப்பொடியாக இருந்தது, செலவுக்குக் கட்டவில்லை, இரண்டு மூன்று வருடத்தில் எல்லாம் படுத்துவிட்டது. அப்புறம் மலை தேயிலைக்குப் போனது. குகைகளும் குழிகளும் மட்டும் அப்படியே திறந்து கிடக்கின்றன. இன்றைக்கும் ராத்திரியில் திருட்டுத்தனமாக இறங்குகிறவர்கள் உண்டு. மண் சரிந்து, மூச்சு முட்டி, திரும்பி வராதவர்களும் உண்டு. எங்கள் வீட்டு இரண்டாவது பையன் ஜியாமெட்ரி பாக்ஸில் மஞ்சளாக மினுக்குகிற ஒரு கல்லை வைத்துக்கொண்டு திரிகிறான். தாத்தா அதை வாங்கி பல்பு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காக்காப்பொன்னுடா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பையன் நம்பவில்லை.

இப்படி ஓர் ஊரில் புதையல் படம் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்த்தது ஒரே விஷயம்: படத்தில் வருகிறவனுக்குத் தங்கம் எதற்கு வேண்டும்? கிடைக்குமா கிடைக்காதா என்பது கதை எழுதியவன் பாடு, எப்படியும் கடைசியில் பூகம்பமோ காற்றோ வந்து பாதியைக் கொண்டுபோய்விடும். ஆனால் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இருக்கிற படம்தான் பத்து வருடம் கழித்தும் மனசில் நிற்கிறது. இல்லாத படங்களில் பாம்பும் பாறையும் மட்டும் நிற்கும். அதுவும் சாதாரணம் இல்லை என்பது வேறு விஷயம்.

நேர அளவிலேயே அடிபட்டவை இரண்டு. இரண்டுமே எனக்குப் பிடித்தவை, அதனால் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன்.

ஒன்று, 1966இல் செர்ஜியோ லியோனி எடுத்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி'. சுருக்கிய பிரதியே இரண்டு மணி நாற்பது நிமிடம். இரண்டு லட்சம் டாலர் தங்கம் ஒரு கல்லறையில் புதைந்திருக்கிறது, ஒருவனுக்குக் கல்லறைத் தோட்டத்தின் பெயர் தெரியும், இன்னொருவனுக்குக் கல்லறையின் பெயர் தெரியும், ஒருவனை விட்டு ஒருவன் போகவும் முடியாது, கொல்லவும் முடியாது. இதைவிடச் சுத்தமான முடிச்சு புதையல் படங்களிலேயே கிடையாது. கடைசியில் டூக்கோ அந்தக் கல்லறைகளுக்கு நடுவே கிறுக்குப் பிடித்தவன் மாதிரி ஓடுவதும், எனியோ மாரிகோனியின் இசை கூடவே ஏறுவதும், அட, இதை எழுதும்போதே கால் ஆடுகிறது. அந்தக் கல்லறைத் தோட்டம் நிஜமில்லை, ஸ்பெயின் நாட்டுச் சிப்பாய்களை வைத்து ஒரு மலைப்பள்ளத்தில் படத்துக்காகவே போட்டது. பிறகு புல் மண்டி மறைந்துபோய், ஐம்பது வருடம் கழித்து ரசிகர்கள் மண்வெட்டியோடு போய்த் தோண்டி அந்த வட்டத்தை மீட்டெடுத்தார்கள். தங்கம் எதற்கு என்று மட்டும் அதில் ஒருத்தனும் சொல்வதில்லை. எதற்குமில்லை, வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று நம்ம 'ஆயிரத்தில் ஒருவன்', 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவன் படம். மூன்று மணி நேரம், எனவே அவுட். நேரம் இருந்திருந்தாலும் ஏழு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியைப் போட எனக்குத் தைரியம் இல்லை. முதல் பாதி மட்டும் வேண்டுமானால் போடலாம், ஆனால் பாதிப் படத்தைக் காட்டி நிறுத்தினால் பெரியவன் என்னைக் கொன்றுவிடுவான். இதில் கார்த்தி சுமை தூக்கப் போகிற கூலி. புதையலும் அவனுடையதில்லை, சண்டையும் அவனுடையதில்லை, சோழனும் பாண்டியனும் எழுநூறு வருடத்துக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்போது நடுவில் மாட்டிக்கொள்கிறான். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு இது சட்டென்று பிடிபடும்.

நடராஜர் நிழல் தரையில் விழ, அந்த நிழலுக்குள்ளேயே கால் வைத்து ஓடவேண்டிய இடம் ஒன்று அதில் வரும், ஞாபகம் இருக்கிறதா? அதை நினைத்துக்கொண்டே அடுத்த படத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதன் உயிரும் ஒரு நிழலில்தான் இருக்கிறது.

'மெக்கன்னாஸ் கோல்டு', 1969. தமிழ்நாட்டில் ஐம்பது வயது தாண்டிய எந்த ஆணிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், இங்கிலீஷ் படம் என்றால் முதலில் இதைத்தான் சொல்வார். தாத்தா கூடலூரில் ஒரு கொட்டகையில் பார்த்தாராம், பார்த்துவிட்டு ராத்திரி நடந்தே வந்தாராம். கிரிகரி பெக்தான் மெக்கன்னா என்கிற மார்ஷல், வரைபடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு எரித்துவிடுகிறார், வரைபடம் இப்போது அவர் மண்டைக்குள் இருக்கிறது, அதனாலேயே ஓமர் ஷெரீப் கோஷ்டி அவரைக் கொல்லாமல் இழுத்துக்கொண்டு போகிறது. விடிகாலை வெயிலில் ஒரு நெட்டைப் பாறையின் நிழல் தரையில் நீண்டு நீண்டு ஊர்ந்து, எதிர் மலையில் ஏறி, தங்கப் பள்ளத்தாக்கின் வாசலைக் காட்டுகிற அந்தக் காட்சிக்காகவே டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. நம்ம படத்தில் நிழலே பாதை, இதில் நிழல் விரல் நீட்டுகிறது. (இரண்டுக்கும் வெயில் வேண்டும். ஜூலையில் பந்தலூரில் புதையல் எடுக்கவே முடியாது, நிழல் விழுந்து ஒரு வாரம் ஆகிறது.)

நேரம் 128 நிமிடம், மயிரிழையில் உள்ளே வருகிறது. ஓமர் ஷெரீப்பின் கொலராடோவுக்குத் தங்கம் எதற்கு? பாரிஸுக்குப் போய்க் கனவானாக வாழ. பொட்டல் காட்டில் குதிரைச் சாணி வாடையோடு திரிகிற ஒருத்தன் பாரிஸைக் கனவு காண்கிறான் என்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். தங்கமே பொய் என்று சொல்லிக்கொண்டிருந்த மெக்கன்னாதான் கடைசியில், குதிரையின் சேணப்பையில் தங்கம் அடைத்திருப்பது தெரியாமலே சவாரி போகிறான். நல்ல குறும்பு.

ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, நடுவில் ஒரு குளத்துக் குளியல் காட்சி. அத்தை இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற வேலை எனக்கு வேண்டாம். இரண்டு, கடைசி பூகம்பத்தில் பொம்மை மலைகள் பொம்மையாகவே தெரிகின்றன. தாத்தாவின் ஞாபகத்தில் அது இன்னும் இடிந்து விழுகிற நிஜ மலை. அதை நானே போய்க் கெடுப்பானேன்?

சரி, 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்'. 1981, ஸ்பீல்பெர்க், 115 நிமிடம். பிள்ளைகளுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வார்கள். முதல் பத்து நிமிடத்தில் உருண்டு வருகிற அந்தப் பாறாங்கல்லுக்கு முன்னால் ஹாரிசன் ஃபோர்டு தானேதான் ஓடினார், டூப் இல்லை, அதுவும் ஒரு தடவை இல்லை. நாகப்பாம்புக்கும் அவருக்கும் நடுவே கண்ணாடி வைத்து எடுத்திருக்கிறார்கள், பழைய பிரதியில் உற்றுப் பார்த்தால் கண்ணாடியில் பாம்பின் பிம்பம் தெரியும். இதையெல்லாம் பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போட்டால் ஆளாளுக்குத் திரைக்குப் பக்கத்தில் போய் நிற்பார்கள், வேடிக்கையாக இருக்கும். அவருக்குத் தங்கம் எதற்கு என்றால், மியூசியத்துக்கு. கௌரவமான பதில்தான், ஆனால் மியூசியத்துக்காக உயிரைக் கொடுக்கிற ஆள் எங்கள் ஊரில் யாரும் கிடையாது. கடைசியில் அவர் தேடிக் கண்டுபிடித்த பேழையை ஒரு பெரிய கிடங்கில் ஆயிரம் பெட்டிகளோடு ஒரு பெட்டியாகத் தள்ளிவிடுவார்கள், அரசாங்க ஆபீசில் மனு கொடுத்து அலைந்தவர்கள் எல்லாரும் அந்தக் காட்சியில் மட்டும் நன்றாகவே சிரிப்பார்கள்.

இதே வரிசையில் இரண்டாவதாக வந்த 'டெம்பிள் ஆஃப் டூம்' (1984) போட்டியில் இல்லை, நெஞ்சைப் பிளந்து இருதயத்தைப் பிடுங்குகிற படம் பிள்ளைகளுக்கு ஆகாது. அம்ரிஷ் பூரி மட்டும் அபாரம். ஆனால் தாத்தாவோடு இதை ஒரு தடவை பார்த்த கதையைச் சொல்லாமல் போக முடியாது. கதை இந்தியாவில் நடக்கிறது, இங்கே எடுக்க அனுமதி ஒத்துவராததால் இலங்கையில் கண்டிப் பக்கம் போய் எடுத்தார்கள். தாத்தா பிறந்து வளர்ந்தது கண்டித் தோட்டத்தில், தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெயர் வந்து, எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர். படத்தில் அந்த வறண்ட கிராமத்து ஜனங்கள் வந்து பேச ஆரம்பித்ததும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டேய், இவங்க சிங்களம்ல பேசுறாங்க." ஆமாம், இந்தியக் கிராமம் என்று காட்டிவிட்டு சிங்களத்தில்தான் பேசவைத்திருக்கிறார்கள். உலகம் முழுக்க எத்தனையோ பேர் பார்த்த படத்தில் தாத்தாவுக்கு மட்டும் சப்டைட்டில் தேவைப்படாத ஐந்து நிமிடம். ஹாரிசன் ஃபோர்டு யாரென்று இன்றைக்கும் தெரியாது, "சிங்களக் கிராமத்துக்கு வந்த தொப்பிக்காரன்" என்றால் தெரியும்.

'நேஷனல் ட்ரெஷர்' (2004) 131 நிமிடம். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் பின்பக்கம் வரைபடம் என்பதெல்லாம் ஜோர்தான், ஆனால் நிக்கோலஸ் கேஜ் ஒவ்வொரு விடுகதையையும் பஸ் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் விடுவித்துக்கொண்டே போகிறார், பார்க்கிறவனுக்கு யோசிக்க இடமே இல்லை. விட்டுவிட்டேன். 1957இல் வந்த சிவாஜி–பத்மினி 'புதையல்' தாத்தாவின் சிபாரிசு. கலைஞர் வசனம், 'விண்ணோடும் முகிலோடும்', சந்திரபாபுவின் 'உனக்காக எல்லாம் உனக்காக'. பாட்டுகளைத் தனியாகப் போடுகிறேன் தாத்தா என்று சமாதானம் செய்துவிட்டேன்.

'தும்பாட்' (2018) வெறும் 104 நிமிடம், இந்தி. எங்கள் மழைக்குப் பொருத்தமான மழை அதில்தான் இருக்கிறது, பல வருட மழைக்காலங்களில் விட்டுவிட்டு எடுத்தார்கள், ஈரம் திரையிலிருந்து கசிகிற மாதிரி இருக்கும். கயிறு பிடித்துக் குழிக்குள் இறங்கி, மாவுப் பொம்மையைக் காட்டிப் பிசாசை ஏமாற்றி, கைக்கு அகப்பட்ட சில காசுகளோடு மேலே ஏறி வருகிறான். தீர்ந்ததும் மறுபடி இறங்குகிறான். பிறகு மகனையும் பழக்குகிறான். தேவாலா குழிகளைப் பற்றிக் கேள்விப்பட்டு வளர்ந்த நான் இதைப் பேய்ப்படமாகப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் போட மாட்டேன், அவ்வளவுதான். தனியாகப் பாருங்கள், முடிந்தால் மழை பெய்யும்போது.

இனி நான் இந்த வகையிலேயே உச்சம் என்று நினைக்கிற படம். 'தி ட்ரெஷர் ஆஃப் தி சியரா மாத்ரே', 1948, கறுப்பு வெள்ளை, 126 நிமிடம். ஜான் ஹஸ்டன் இயக்கி, அவருடைய அப்பா வால்டர் ஹஸ்டன் கிழட்டுச் சுரங்கக்காரனாக நடித்து, இரண்டு பேரும் ஒரே ராத்திரியில் ஆஸ்கர் வாங்கினார்கள். மெக்சிகோவில் கையில் காசில்லாத மூன்று பேர் மலையேறித் தங்கம் எடுக்கிறார்கள். நான் கேட்கிற கேள்வியை இந்தப் படம் நேராகவே கேட்கிறது: ஒரு ராத்திரி நெருப்புப் பக்கம் உட்கார்ந்து, ஊருக்குப் போனதும் என்ன செய்வோம் என்று பேசிக்கொள்கிறார்கள். கிழவனுக்கு ஒரு சின்னக் கடை வேண்டும், பொழுதுபோகக் கதைப் புத்தகம் வேண்டும். இளையவனுக்குப் பழத்தோட்டம். ஹம்ஃப்ரி போகார்ட்டுக்கு நல்ல குளியல், புதுச் சட்டை, பிறகு ஹோட்டலில் உட்கார்ந்து பட்டியலில் இருக்கிற எல்லாவற்றையும் வரவழைத்து, பிடிக்காததைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடுகிறது யார் கெட்டுப்போகப் போகிறார் என்று.

போன வருடம் இதை மாமாவோடு லேப்டாப்பில் பார்த்தேன். தங்கம் போதும் என்று கிளம்புகிற நாளில் கிழவன் சொல்வான், மலையைக் காயப்படுத்திவிட்டோம், மூடிவிட்டுத்தான் போகவேண்டும் என்று. மூன்று பேரும் நாள்கணக்கில் உழைத்துக் குழியை மூடுகிறார்கள். மாமா அதுவரை பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டு சும்மா இருந்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இங்க எவன் மூடினான்?" என்றார். அதற்கு முந்தின மாதம்தான் தெருவில் ஒருத்தருடைய மாடு பழைய குழி ஒன்றில் விழுந்து கால் ஒடிந்திருந்தது. கடைசியில் கொள்ளைக்காரர்கள் பையில் இருப்பது வெறும் மணல் என்று நினைத்துக் கொட்டிவிட, காற்று அத்தனை தங்கத்தையும் மலைக்கே திருப்பி அள்ளிக்கொண்டு போகிறது, கிழவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். மாமா சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

அப்புறம் ஏன் இதைப் போடவில்லை? ஏழு வயதுக்குக் கறுப்பு வெள்ளை ஓடாது. பேச்சு அதிகம், நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வரமுடியாத பேச்சு. பெரியவர்கள் மட்டும் இருக்கிற ராத்திரி என்றால் யோசிக்காமல் இதைப் போடுங்கள்.

ஆக மிஞ்சியது 'தி கூனீஸ்'. 1985, ரிச்சர்ட் டானர், 114 நிமிடம். நேர்மையாகச் சொல்கிறேன், எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது. பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாலும் புரியாது. படமாக எடைபோட்டால் சியரா மாத்ரேயின் கால் தூசிக்குக்கூட வராது. ஆனால் இதில் புதையல் எதற்கு? வீட்டுக்கு. கோல்ஃப் மைதானம் கட்டப்போகிறவர்கள் இவர்கள் தெருவை மொத்தமாகக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், மறுநாள் அப்பாக்கள் கையெழுத்துப் போடவேண்டும், அதற்குள் பரணில் கிடைத்த வரைபடத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகள் கடற்கொள்ளைக்காரனின் சொத்தைத் தேடிப் போகிறார்கள். பாரிஸும் வேண்டாம், மியூசியமும் வேண்டாம், இருக்கிற வீட்டில் இருந்தால் போதும்.

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செக்ஷன் 17 என்று சொன்னால் போதும். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: ஜன்மம் என்கிற பழைய நிலவுடைமையை ஒழிக்க வந்த 1969 சட்டத்தில் முடிவாகாமல் தொங்குகிற நிலங்கள், மூன்று தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா கிடையாது. மாமா வீடு அதில் ஒன்று. தாத்தாவுக்கு அதற்கும் முந்தின கதை. ஓய்வு வயது வந்ததும் தோட்டத்து லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த காகிதம் இன்னும் அவருடைய தகரப்பெட்டியில், கப்பலேறி வந்த நாளின் காகிதங்களோடு சேர்த்து மடித்து வைத்திருக்கிறார்.

போட்டோம். அத்தை தேங்காய் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். மழைச் சத்தத்தில் பாதி வசனம் கேட்கவில்லை, கத்துகிற படத்துக்கு அதுவும் ஒரு வசதி. நடுவில் மூன்றாவதின் காலில் அட்டை ஏறி, உப்புப் போட்டு எடுக்கிற வரை ஐந்து நிமிடம் நிறுத்தவேண்டியதாயிற்று, பேட்டரியை நினைத்து எனக்குத்தான் பதற்றம். குகைக்குள் கப்பல் வந்தபோது நாலு பிள்ளைகளும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நடித்த பிள்ளைகளுக்கும் அந்தக் கப்பலை முன்னால் காட்டாமல் மறைத்து வைத்து, படம் பிடிக்கிற நேரத்தில்தான் முதல்முறையாகப் பார்க்கவிட்டார்களாம், சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. தாத்தா கம்பளிக்குள் தூங்கிப்போயிருந்தார்.

கடைசிக் காட்சி. கடற்கரையில் அந்த ஆட்கள் காகிதத்தையும் பேனாவையும் நீட்டுகிறார்கள். அப்பா கையெழுத்துப் போடக் குனிகிறார். பையனின் கோலிப் பையில் மிஞ்சியிருந்த கற்களை வேலைக்காரம்மா கண்டுபிடித்துக் கத்த, அப்பா காகிதத்தைக் கிழித்து மேலே வீசுகிறார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் தாத்தா விழித்துக்கொண்டார்.

"என்னத்தடா கிழிச்சான்?"

"வீட்டைக் காலி பண்ணச் சொன்ன காகிதம், தாத்தா."

கொஞ்ச நேரம் வேட்டித் திரையையே பார்த்தார். "திருப்பிப் போடு, நான் பார்க்கல" என்றார்.

போட்டேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை அந்த ஆள் காகிதத்தை இரண்டாகக் கிழிக்கும்போது இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது.